முகப்பு மட்டுமா, கடையுமா? பழைய கடை ஒன்றைக் காக்க நம் முன்னால் இருக்கும் வழிகள்

எங்கள் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. காலையில் அது திறப்பதே பார்க்க வேண்டிய காட்சி. ஷட்டர் கிடையாது, பதினான்கு பலகைகள். பலகை உட்காரும் பள்ளமாக மேலே உத்திரத்தில் ஒரு காடி, கீழே வாசற்கல்லில் ஒரு காடி. ஒவ்வொரு பலகையாகத் தூக்கி, சாய்த்து, வெளியே எடுத்துத் திண்ணையில் சாத்தி வைப்பார் அண்ணாச்சி. பலகைகளின் தலையில் உளியால் வெட்டிய தமிழ் எண்கள். ராத்திரி வரிசை மாற்றிப் போட்டால் கடைசிப் பலகை உள்ளே உட்காராது. ஏழாவது பலகை மட்டும் நடுவில் மாற்றியது. அதில் சிவப்புப் பெயிண்டில் 7 என்று எழுதியிருக்கும்.

உள்ளே போனால் சுவர் முழுக்க சின்னச் சின்ன இழுப்பறைகள். அதிமதுரம், சித்தரத்தை, வசம்பு, கடுக்காய், திப்பிலி. வீட்டில் குழந்தை பிறந்தால் உரை மருந்துச் சாமான் இங்கேதான் கட்டுவார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் லேகியச் சாமானுக்கு வாசல் வரை ஆள் நிற்கும்.

கட்டடம் அண்ணாச்சியுடையது அல்ல. அவர் மூன்றாம் தலைமுறை வாடகைதாரர். உரிமையாளர்கள் அக்கா தம்பி மூன்று பேர். ஒருவர்தான் உள்ளூரில் இருக்கிறார். இடத்தை மொத்தமாக இடித்து நாலு மாடி வணிக வளாகம் கட்ட ஒரு கட்டுமான நிறுவனம் கேட்டிருக்கிறது. இன்னும் கையெழுத்தாகவில்லை. தெருவில் முப்பது பேர் கூடிப் பேசினோம். கடையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எப்படி என்று கேட்டதும் ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். கோர்ட்டுக்குப் போகலாம், பாரம்பரியக் கட்டடம் என்று அறிவிக்கச் சொல்லலாம், முன்பக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம், நாமே சேர்ந்து வாங்கிவிடலாம். ஒவ்வொன்றையும் வேறு ஊர்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். என்ன ஆனது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கோர்ட்

நம் மாநிலத்தில் இதற்குப் பெரிய உதாரணம் சென்னை மவுண்ட் ரோட்டில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். அதுவும் ஒரு மருந்துக் கடையாகப் பிறந்ததுதான். டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற ஆங்கில மருந்து நிறுவனத்துக்காக 1897-இல் கட்டியது. அப்போது கார்டைல் பில்டிங் என்று பெயர். 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 1956-இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானபோது எல்.ஐ.சி. கைக்குப் போனது. 2006-இல் எல்.ஐ.சி. அதை இடிக்கத் தொடங்கியது. கோபுரமும் வளைவுகளுமாக நின்ற கட்டடத்தில் கடப்பாரை விழுந்ததைப் பார்த்துத்தான் ஊர் விழித்தது. பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. 2010-இல் தீர்ப்பு வந்தது: இடிக்கக் கூடாது, பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஒரு பாதுகாப்புக் குழுவை அமைக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பு இல்லையென்றால் சென்னையில் இன்று பல கட்டடங்கள் இருந்திருக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதில் இன்னொன்றும் உண்டு. தீர்ப்பு கையில் எடுத்துக்கொண்ட நானூற்றுச் சொச்சம் கட்டடங்களின் பட்டியல், பாதுகாப்புக்காகத் தயாரித்தது அல்ல. தெருவோர விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கில், எந்தெந்தக் கட்டடங்களை மறைத்து பலகை வைக்கக் கூடாது என்று நீதிபதி பத்மநாபன் குழு தந்த பட்டியல் அது. பலகைக்காக எழுதிய பட்டியல் கட்டடங்களைக் காப்பாற்றியது. எழுதி வைப்பது எப்போது உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஆனால் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் தீர்ப்புக்குப் பிறகும் ஆண்டுக்கணக்காகப் பாதி இடிந்த கோலத்திலேயே நின்றது. இடிக்காதே என்று கோர்ட் சொல்ல முடியும். பழுது பார்த்து, விளக்குப் போட்டு, உள்ளே ஒரு வியாபாரத்தை உட்கார வைக்க கோர்ட்டால் முடியாது. அதற்கு உரிமையாளருக்கு மனசும் வேண்டும், பணமும் வேண்டும்.

இன்னொரு வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது. அங்கே எதிரே நின்றது ஒரு பொதுத்துறை நிறுவனம். இங்கே எதிரே நிற்கப் போவது மூன்று தனி மனிதர்கள். அவர்களின் அப்பாவை நமக்குத் தெரியும். அந்த அக்கா கல்யாணத்தில் நம் தெருவே சாப்பிட்டது. வழக்குப் போட்ட அன்றே பேச்சுவார்த்தை முடிந்துவிடும். அப்புறம் வழக்கு நடக்கிற அத்தனை வருடமும் மழைத் தண்ணீர் சுவரில் இறங்கும், யாரும் ஓட்டையை அடைக்க மாட்டார்கள். கடப்பாரை வாசலுக்கு வந்துவிட்டால் கோர்ட்தான் வழி, வேறு பேச்சில்லை. இன்றைக்கு அது முதல் வழி அல்ல.

பாரம்பரியக் கட்டடம் என்ற அறிவிப்பு

நம் ஊர் பெருநகரம் அல்ல. சென்னையில் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கு ஒரு குழு இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து மரபு ஆணையம் அமைக்கச் சட்டம் 2012-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது; அது நடைமுறைக்கு வரவே பல வருடம் ஆனது. தொல்லியல் துறைச் சட்டங்கள் கோயில், கோட்டை, அரண்மனை மாதிரியான சின்னங்களை மனதில் வைத்து எழுதியவை. வாடகைக்கு ஓடும் மருந்துக் கடைக்கு அந்தச் சட்டை பொருந்தாது.

சரி, அறிவிப்புக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு என்ன ஆகும் என்பதற்கு சிங்கப்பூரைவிட நல்ல பாடம் இல்லை. அங்கே 1989-இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் வட்டாரங்களைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். இன்று நாடு முழுக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாப்பில் இருக்கின்றன. ஜன்னல் சட்டம், ஓடு, முகப்பின் பூவேலை, வெயிலுக்கும் மழைக்கும் ஆட்கள் ஒதுங்கி நடக்கும் அஞ்சடி வரைக்கும் விதி உண்டு. கட்டடத்தைக் காத்த விதத்தில் அவர்களிடம் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2001-இல் அங்கே முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். சுவர் நின்றது, சுவருக்குள் இருந்த பழைய தொழில்கள் பல வாடகை தாங்காமல் போய்விட்டன.

மலேசியாவின் பினாங்கில் இது இன்னும் வலியோடு நடந்தது. ஜார்ஜ் டவுனில் கீழே கடை, மேலே வீடு என்று குறைந்த வாடகையில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களைக் காத்த வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஒரே பாய்ச்சலாக ஏற, குடும்பங்கள் வெளியேறின. யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியல் வந்தது 2008-இல். எதற்காக அந்த நகரத்தைப் பட்டியலில் சேர்த்தார்களோ, அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களில் பலர் அதற்குள் பெட்டி கட்டிப் போயிருந்தார்கள். பட்டியலுக்குப் பிறகு வந்த சுற்றுலா மிச்சமிருந்த வாடகைகளையும் ஏற்றிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், நமக்கும் அதே மாற்றம் சத்தமில்லாமல் வந்துவிட்டது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது, அதைப் பதிவு செய்யச் சொல்கிறது. இடித்துக் கட்ட வேண்டியிருக்கிறது என்பது வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்ல அதில் ஒரு காரணமாகவே இருக்கிறது. அண்ணாச்சியிடம் இருப்பது அவர் அப்பா காலத்து ரசீதுப் புத்தகங்கள் மட்டும்.

முகப்பை மட்டும் விடுவது

கட்டுமான நிறுவனம் இதற்குச் சம்மதிக்கும் என்று தோன்றுகிறது. முன்சுவர், திண்ணை, மரத்தூண் இருக்கும். பின்னால் கண்ணாடியும் லிஃப்டும் வரும். புகைப்படத்துக்கு அழகாக இருக்கும்.

முகப்பு என்பதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. புதுச்சேரியில் தமிழர் பகுதியான வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக வரிசை வீடுகளின் தெருமுகப்பை மீட்டெடுத்தார்கள். இன்டாக் முன்நின்றது, வீட்டுக்காரர்களுக்கும் பங்கு இருந்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அது பலித்ததற்குக் காரணம், சுவருக்குப் பின்னால் அதே வீடும் அதே குடித்தனமும் இருந்ததுதான். தெரு ஒரே கோடாக நின்றபோது அங்கே நடப்பதே வேறு அனுபவமாகிவிட்டது.

நம்மிடம் கேட்கப் போவது அது அல்ல. அறையை எடுத்துவிட்டு அறையின் முகத்தை மாட்டி வைப்பது. பலகைகள் பதினான்கையும் வார்னிஷ் அடித்துச் சுவரில் ஆணியால் அறைந்துவிடுவார்கள். ராத்திரி யாரும் அதைச் சாத்த மாட்டார்கள், காலையில் யாரும் திறக்க மாட்டார்கள். எனக்கு இது வேண்டாம்.

முழுவதும் இடித்துவிட்டு அச்சு அசலாகத் திரும்பக் கட்டித் தருவோம் என்று சொல்பவர்களும் உண்டு. புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் கட்டி 2021-இல் திறந்தார்கள். விழுந்துபோன கட்டடத்துக்கு அது நியாயம். நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தை இடித்துவிட்டு அதையே காட்டிச் சமாதானம் சொல்வதை நாம் ஏற்கக் கூடாது.

நாமே வாங்குவது

மனதுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். சியாட்டில் நகரத்தின் பைக் பிளேஸ் சந்தை 1907-இல் தொடங்கியது. அறுபதுகளில் அதை இடித்து அலுவலகமும் ஹோட்டலும் கட்ட நகராட்சி திட்டம் போட்டது. கட்டடக் கலைஞர் விக்டர் ஸ்டைன்புரூக்கும் சந்தையின் நண்பர்களும் கையெழுத்து வாங்கி, 1971 நவம்பரில் ஊர் மக்களின் வாக்கெடுப்புக்கே கொண்டுபோய் ஜெயித்தார்கள். அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் அதற்குப் பிறகுதான். சந்தைக்கென்று அமைந்த குழுவுக்குச் சுவரை மட்டும் அல்ல, சுவருக்குள் என்ன வியாபாரம் நடக்கலாம் என்பதையும் தீர்மானிக்கும் அதிகாரம் கொடுத்தார்கள். காய்கறிக் கடை போனால் அந்த இடத்துக்கு யார் வரலாம் என்பதற்கும் அனுமதி வேண்டும். கட்டடங்களை வைத்து நடத்த 1973-இல் ஒரு பொது நிறுவனமும் வந்தது. அவர்களுக்கும் பணத்தட்டுப்பாடு வந்தது. வரிச்சலுகைக்காக வெளி முதலீட்டாளர்களிடம் செய்துகொண்ட ஏற்பாடு பிறகு சந்தை யாருடையது என்ற வழக்காகி, 1991-இல்தான் முடிந்தது.

லண்டனில் செவன் சிஸ்டர்ஸ் பகுதியில் வார்ட்ஸ் கார்னர் என்ற பழைய பல்பொருள் அங்காடிக் கட்டடத்தில் லத்தீன் அமெரிக்க வியாபாரிகளின் சந்தை ஒன்று இருந்தது. பல வருடப் போராட்டத்துக்குப் பின் 2021-இல் அதை இடித்துக் கட்ட இருந்த கட்டுமான நிறுவனம் பின்வாங்கியது. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு மூடிய சந்தை, ஜெயித்த பிறகும் உடனே திறக்கவில்லை. வென்ற வியாபாரிக்கு உட்காரக் கடை இல்லாமல் போனது.

நம் தெருவில் வாங்கும் அளவுக்குப் பணம் சேருமா? நேர்மையாகச் சொன்னால், சேராது. இடம் பதினெட்டு அடி அகலம், நூற்றுப் பத்து அடி நீளம், கடைத்தெருவின் நடுவில். முப்பது பேர் நகையை வைத்தாலும் மனையின் விலைக்கு எட்டாது. அப்படியே வாங்கினாலும் முப்பது பேர் பெயரில் ஒரு பத்திரம் என்பது பத்து வருடம் கழித்து முப்பது வீட்டு வாரிசுப் பிரச்சினை. டிரஸ்ட் வைத்தால் அதை நடத்த ஆள் வேண்டும். வாங்குவதை முழுவதும் கைவிடச் சொல்லவில்லை. சேர்க்கிற பணத்தை வேறு இடத்தில் போடச் சொல்கிறேன்.

அந்த மனையின் நீளம்

கூட்டத்தில் யாருமே சொல்லாதது ஒன்று உண்டு. கடை இருப்பது முன்னால் முப்பது அடியில்தான். அதற்குப் பின்னால் ஒரு முற்றம், இடிந்த சமையல்கட்டு, கிணறு, பிறகு பின்தெரு வரை வெறும் மண். நூற்றுப் பத்து அடியில் எழுபது அடிக்கு மேல் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. பின்தெருவில் இப்போது லாரி வருகிறது. உரிமையாளர்கள் அந்தப் பக்கம் வாசல் வைத்துக் கட்டிக்கொண்டால், கேட்டிருக்கும் தொகையின் பெரும்பகுதி கைக்கு வரும், முன் முப்பது அடியும் முழுசாக நிற்கும். சுவர் மட்டும் அல்ல. அறை, இழுப்பறைகள், மச்சு, திண்ணை எல்லாம்.

இதோடு சேர்த்து அண்ணாச்சிக்கு நீண்ட காலக் குத்தகைப் பத்திரம் வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும்; பதிவு செய்தால் நாளைக்கு இடத்தை வேறு ஒருவர் வாங்கினாலும் அந்தக் குத்தகைக்கு உட்பட்டுத்தான் வாங்க வேண்டும். பதினொரு மாதத் தாளை வைத்துக்கொண்டு ஒரு கடையைக் காக்க முடியாது. வெறும் வருடக் கணக்கும் போதாது. இடித்துக் கட்டுவதைக் காரணம் காட்டி நடுவில் காலி செய்யச் சொல்ல சட்டம் இடம் கொடுப்பதால், முன் முப்பது அடியை அந்தக் காலத்துக்குள் இடிப்பதில்லை என்ற நிபந்தனை பத்திரத்திலேயே வர வேண்டும். வாசகத்தை வக்கீல் பார்த்துத் தர வேண்டும்.

உரிமையாளர் ஏன் சம்மதிக்க வேண்டும்? இங்கேதான் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி கொடுக்கும் வாடகை பக்கத்து செல்போன் கடை கொடுப்பதில் பாதிகூட இல்லை. அந்தக் குறைந்த வாடகைதான் கடையை இத்தனை நாள் உயிரோடு வைத்தது. அதே குறைந்த வாடகைதான் கட்டடத்தைப் பழுது பார்க்க விடாமலும் செய்தது. நம் எல்லோருடைய பாசத்துக்கும் விலையை அந்த மூன்று பேர் மட்டும் கட்டிக்கொண்டிருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் இதை யோசித்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஓடும் கடைகளுக்கு 2015-இல் வாக்கெடுப்பின் மூலம் ஒரு நிதி வைத்தார்கள். அதில் கடைக்காரருக்கு மட்டும் அல்ல, அப்படிப்பட்ட கடைக்குப் பத்து வருடக் குத்தகை கொடுக்கும் கட்டட உரிமையாளருக்கும் சதுர அடிக்கு இவ்வளவு டாலர் என்று உதவி உண்டு. நமக்கு அப்படி ஒரு அரசுத் திட்டம் இல்லை. ஆனால் மனை வாங்க முடியாத நம் பணம் வாடகை வித்தியாசத்தின் ஒரு பகுதியை ஐந்து வருடம் தாங்கும். அண்ணாச்சியும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். அவர் மகன் பொடிகளைப் பாக்கெட் போட்டு வெளியூருக்கு அனுப்பத் தொடங்கியிருப்பதால் அது முடியாத காரியம் அல்ல.

கட்டடம் ஆபத்தானது, அதனால் இடிக்கிறோம் என்று ஒரு பேச்சு கட்டாயம் வரும். அதற்கு இப்போதே தயாராக வேண்டும். இந்த மாதிரிக் கட்டடம் எப்படிப் பழுதாகிறது என்பது கொத்தனார்களுக்குத் தெரியும். தேக்கு உத்திரத்தின் நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகாது. சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் முனைதான் முதலில் இற்றுப்போகும், அதுவும் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசிய இடத்தில் சீக்கிரம் போகும். உள்ளே இறங்கிய ஈரம் வெளியே வர வழி இல்லாமல் மரத்தில் ஏறிவிடும். போன தடவை வெள்ளையடித்தபோது தெற்குச் சுவரில் சிமெண்ட் பூசினார்கள். இப்போது அந்தப் பக்கம்தான் மட்டப்பாக் கூரையில் கறை தெரிகிறது. முட்டுக் கொடுத்து, கெட்ட முனையை மட்டும் வெட்டிப் புது மரம் சேர்த்து, சிமெண்டைக் கொத்திவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பு பூசலாம். இதைத் தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் உறுதிச் சான்று வாங்கி வைத்தால், ஆபத்து என்ற நோட்டீஸ் வரும்போது கையில் பதில் இருக்கும்.

என் கருத்து இப்போது தெரிந்திருக்கும். முதலில் பின்பக்கக் கட்டுமானமும் முன்பக்கக் குத்தகையும் சேர்ந்த யோசனையோடு மூன்று பேரிடமும் ஒன்றாகப் பேசுவோம். அறிவிப்புக்கான மனுவையும் போட்டு வைப்போம், கிடைத்தால் பலம்; அதை நம்பி உட்கார வேண்டாம். கோர்ட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம், ஆனால் அதற்கு வேண்டிய கோப்பை இன்றே தொடங்குவோம்: பழைய ரசீதுகள், வரி ரசீது, புகைப்படங்கள், அளவு எடுத்த வரைபடம். உள்ளூரில் இருக்கும் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு ஆகப் போவது ஒன்றுமில்லை, மூன்று பேரும் வேண்டும். அக்கா இதில் நமக்கு எதிராக இருக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை. அவர் முதல் பிரசவத்துக்கு உரை மருந்து கட்டியது இந்தக் கடைதான்.

அக்கா ஐப்பசி முதல் வாரம் ஊருக்கு வருகிறார். அளவு எடுக்கும் வேலை அதற்குள் முடிய வேண்டும். பாலிடெக்னிக்கில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பலகைகளையும் தனித்தனியாக அளக்கச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஒரே அகலம் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டாவது அரை அங்குலம் குறைவு என்று அண்ணாச்சி சொல்கிறார்.